உப்புக்கடலுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்: எடுக்கலாமா, எது எடுக்கலாம்?

4 செப்டெம்பர் 2022 (முல்லைத்தீவுக் கரையிலுள்ள அளம்பிலில் இருந்து வந்த கேள்வி)

அண்ணா, 18 அடி பைபர் படகு. பூட்டியிருப்பது 15 குதிரைவலு மண்ணெண்ணெய் டூ ஸ்ட்ரோக், அப்பா காலத்துச் சாமான். போன மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய நாள் முதல் தொழிலுக்குப் போய்வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் எடுத்தால் தப்பலாம் என்கிறார்கள். 25 குதிரை எடுக்கலாமா? எந்தக் கம்பனி? உப்புக்கு எது தாங்கும்?

4 செப்டெம்பர், இரவு

தம்பி, நான் கிளிநொச்சி மாவட்டத்து நாச்சிக்குடாக் கரை. எட்டு வருசம் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓட்டினேன், இப்போது ஆறு வருசமாக ஃபோர் ஸ்ட்ரோக் 15. இரண்டும் என் கையால் கழற்றிப் பூட்டியவை.

உப்புக்கு எது தாங்கும் என்று கேட்டீர். தானாகத் தாங்குகிற எஞ்சின் இல்லை. யமஹாவோ சுசுகியோ ஹொண்டாவோ தொஹாற்சுவோ, எல்லாவற்றுக்கும் உடம்பு அலுமினியக் கலவை, எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடிச் சூடு தணிப்பது கடல்தண்ணி. அதனால் கம்பனியைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் எண்ணெய்க் (எரிபொருள்) கணக்கு. விடிய மூன்றரைக்கு இறங்கி, இரணைதீவுப் பக்கம் நண்டு வலை எடுத்து, ஒன்பது மணிக்குள் கரைக்கு வருவேன். இதற்குப் பழைய எஞ்சின் 18 லீற்றர் மண்ணெண்ணெய் குடித்தது. இப்போதைய எஞ்சின் 11 லீற்றர் பெற்றோல். 87 ரூபாய்க் காலத்தில் 18 லீற்றருக்கு 1566 ரூபாய். அப்போது எண்ணெய்க் காசுக்காக யாரும் ஃபோர் ஸ்ட்ரோக்கை நினைத்தும் பார்க்கத் தேவையில்லை. இன்று (2022 செப்டெம்பர்) அதே 18 லீற்றர் 6120 ரூபாய். பெற்றோல் 92 ஒக்டேன் 450 ரூபாய்ப்படி 11 லீற்றர் 4950. ஒரு நாளைக்கு 1170 ரூபாய் மிச்சம்.

பழைய டூ ஸ்ட்ரோக்கில் புகை போகும் வழியும் புது எண்ணெய் வரும் வழியும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். ஊற்றுகிற எண்ணெயில் கால்பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். விடிந்த பிறகு படகுக்குப் பின்னால் தண்ணியில் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மினுங்குமே, அது உமது காசு.

25 வேண்டுமென்றால் 25 எடும். 18 அடிப் படகு தாங்கும். நான் இன்னொன்று எடுத்தால் 25தான் எடுப்பேன்.

5 செப்டெம்பர்

பெற்றோல் கியூஆர் பங்கீட்டில் (2022இல் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் ஒழுங்கு) இருக்கிற நேரம் இது. எஞ்சினுக்குக் காசு கட்டும் முன்பு, கானில் பெற்றோல் எடுக்க உங்கள் சங்கத்தில் என்ன ஒழுங்கு என்று கேட்டுவிடும். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

6 செப்டெம்பர்

நேற்று இரவு செம்மலையிலிருந்து ஒருவர் ஒரு வரிதான் எழுதினார்: "25ஐ யார் தூக்குவது?" அந்த ஒரு வரி என்னைத் திரும்ப உட்கார வைத்துவிட்டது. 4ஆம் திகதி எழுதியதன் கடைசிப் பகுதியைத் திருத்துகிறேன்.

நான் எழுதியது என்னுடைய கடலுக்கு. எங்கள் பக்கம் பாக்கு விரிகுடா, ஆழங்குறைந்த கடல். படகைக் கரையோரம் நங்கூரத்தில் விடுவோம், அலை இல்லாததால் எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதும் லேசு. முழங்கால் தண்ணியில் நடந்து போய் ஏறுவோம். அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் எல்லாம் திறந்த கடல். அங்கே அலை முறித்துக் கரையேற வேண்டும். படகை மணலில் இழுக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வாடிக்கு (கரைக் கொட்டிலுக்கு) கொண்டுபோக வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. மாமன் வீடு முல்லைத்தீவு, சின்ன வயதில் அந்த மணலில் எஞ்சின் தூக்கியிருக்கிறேன். தெரிந்தும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

15 குதிரை டூ ஸ்ட்ரோக் 36, 38 கிலோ வரும். ஒரு ஆள் தோளில் போடலாம். 15 குதிரை ஃபோர் ஸ்ட்ரோக் 45 முதல் 52 கிலோ வரை. பத்துப் பதினைந்து கிலோதானே என்று கடையில் நின்று நினைக்கலாம். கால் புதைகிற ஈர மணலில், நெஞ்சளவு அலை முதுகில் அடிக்கும்போது அந்தப் பதினைந்து கிலோ வேறு. 25 இன்னும் கனம். 40க்குப் போனால் நூறு கிலோவுக்குக் கிட்ட, அது கழற்றித் தூக்குகிற சாமானே இல்லை.

அதனால் அளம்பிலுக்கு 25 வேண்டாம்.

6 செப்டெம்பர், கொஞ்சம் பிந்தி

ஒன்று விட்டுவிட்டேன். பல கம்பனிகளில் 15உம் 20உம் ஒரே உடம்பு, அதே சிலிண்டர், அதே எடை. எண்ணெய் விடுகிற அளவில்தான் வித்தியாசம். ஆகவே தூக்கப்போவது ஒரே எடை என்றால், விலை இடம் கொடுத்தால் 20 எடும். அலை முறிக்கும்போது அந்த ஐந்து குதிரை கைகொடுக்கும்.

8 செப்டெம்பர்

எண்ணெய்க் கணக்கிலும் திருத்தம். எண்ணெய்க் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 11 லீற்றர் என்றது சோழகம் (தென்மேற்குக் காற்று) தணிந்து கடல் படுத்திருந்த நாட்களின் கணக்கு. காற்று எதிர்த்து, ஈர வலையும் இரண்டு பெட்டி நண்டும் இருந்த நாட்களில் 13 போயிருக்கிறது. 13 லீற்றர் 5850 ரூபாய். அப்போது மண்ணெண்ணெயோடு வித்தியாசம் 270 ரூபாய்தான்.

மறுபக்கம், மண்ணெண்ணெய்க் கணக்கில் நான் ஒயிலைச் சேர்க்கவில்லை. 50க்கு ஒன்று கலந்தால் 18 லீற்றருக்கு 360 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். அது தினமும் எரிந்து போகிற காசு. ஸ்டார்ட் பண்ணவும், நிறுத்துமுன் காபுரேற்றரை (எண்ணெயையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழுவவும் விடுகிற பெற்றோல் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் உள்ளே தனியாக இருக்கும். முதல் 20 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்ற வேண்டும், பிறகு ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் ஒருமுறை. எல்லாவற்றையும் கூட்டினால் ஃபோர் ஸ்ட்ரோக்தான் மிச்சம், ஆனால் நான் முதல்நாள் காட்டிய அளவு மிச்சமில்லை. அந்த 1170ஐ நம்பி யாரும் கடன் எடுக்கவேண்டாம்.

காசுக்கு வெளியே ஒரு இலாபம் உண்டு. வலை எடுக்கும்போது எஞ்சினை மெல்ல ஓடவிட்டு மூன்று மணித்தியாலம் நிற்போம். பழைய எஞ்சினில் அந்தப் புகை முழுவதும் நெஞ்சுக்குள். பிளக் கருத்து நின்றுவிடும். அணியத்தில் நிற்பவன் கத்தினால் பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. இப்போது மகன் சாதாரணமாகப் பேசுவது எனக்குக் கேட்கிறது. வலையில் மீன் அடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

15 செப்டெம்பர்

மூன்று பேர் ஒரே கேள்வி: ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மண்ணெண்ணெய் விட்டால் என்ன? வேண்டாம். மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்தது. பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரந்தப்பி எரிந்து உள்ளே தட்டும். எரியாத மிச்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படிக் கெட்டுப்போக ஒயில் தேங்கி நிற்பதில்லை, ஃபோர் ஸ்ட்ரோக்கில் நிற்கிறது.

உடனே ஒருவர் எழுதுகிறார்: "நாங்கள் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அது ஃபோர் ஸ்ட்ரோக் இல்லையா?" ஓம், ஃபோர் ஸ்ட்ரோக்தான், நானும் ஓட்டினேன். பெற்றோல் தடையிருந்த தொண்ணூறுகளில் வன்னியில் ஓடாத மோட்டார் சைக்கிளா? சூப்பிப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்போம். காபுரேற்றருக்கு இரண்டு சொட்டுப் பீய்ச்சி, உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். அந்தப் புகை மணம் இன்றும் எங்காவது அடித்தால் ஒட்டுசுட்டான் வீதி முழுவதும் கண்ணுக்குள் வரும். ஆனால் எத்தனை முறை வளையம் மாற்றினோம், எத்தனை முறை ஒயில் தண்ணியாய் வடிந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அன்று வேறு வழியில்லை. மோட்டார் சைக்கிள் நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். கடலில் எதைத் தள்ளுவது?

25 செப்டெம்பர்

இன்று நீளமாக எழுதுகிறேன். எஞ்சின் எடுக்க நினைக்கிற எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

2016இல் புது எஞ்சின் எடுத்தபோது விற்றவர் சொன்னார், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவு என்று. நான் கழுவினேன். ஒரு நாள் தவறவில்லை. வெட்டின பரலில் கிணற்றுத் தண்ணியை நிரப்பி, எஞ்சினை இறக்கி, பத்து நிமிசம் ஓட்டுவேன். அயலில் யாரும் இப்படிக் கவனிப்பதில்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மூன்றாம் வருசம், வளர்பிறைக் காலம், இரணைதீவுக்கும் கரைக்கும் நடுவில் எச்சரிக்கைச் சத்தம் கத்தியது. பக்கத்துத் துளையால் பீச்ச வேண்டிய தண்ணி நூல்போல வந்தது, பிறகு சொட்டியது. நிறுத்தினேன். கால்பகுதியில் (தண்ணிக்குள் நிற்கும் கீழ்ப்பகுதி) சாதாளை (கடற்செடி) சுற்றியிருக்கும் என்று நினைத்து எஞ்சினை உயர்த்திப் பார்த்தேன், தண்ணி இழுக்கும் துளைகள் சுத்தம். ஆறவிட்டு, ஐந்து நிமிசம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, அப்படியே மத்தியானம் கரைக்கு வந்தேன்.

வாடியில் வைத்துத் தேர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணி வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடியைக் கழற்றினேன். நாலு போல்ட்டில் ஒன்று தலை முறிந்து கையோடு வந்தது. மூடியைத் தட்டி எடுத்தால் உள்ளே வெள்ளை. ஆனையிறவு உப்பளத்து வரம்பில் வெயிலுக்குக் காய்ந்து இறுகி நிற்குமே, அப்படி. திருப்புளியால் சுரண்டினால் செதில் செதிலாக விழுந்தது. தேர்மோஸ்டாட் பாதி திறந்தபடி உப்புக்குள் புதைந்திருந்தது. தண்ணி ஓடும் வழி பென்சில் அளவு கூட இல்லை.

தினமும் கழுவிய எஞ்சினுக்குள் இவ்வளவு உப்பு எப்படி வந்தது என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்தேன். மனைவிதான் கேட்டா: "எந்தத் தண்ணியில கழுவினீங்கள்?"

எங்கள் கிணறு உவர். பூநகரிப் பக்கம் கரையோரக் கிணறுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். குடிக்கப் பவுசர் தண்ணி, குளிக்க மட்டும் கிணறு. சவர்க்காரம் நுரைக்காத தண்ணி. அந்தத் தண்ணியை மூன்று வருசம் சூடான எஞ்சினுக்குள் விட்டு, சூட்டில் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு படை, இன்னொரு படை. கழுவியிருக்கிறேன் என்ற நினைப்பில் நான் திறந்து பார்க்கவும் இல்லை.

ஆகவே தம்பி, எஞ்சின் பார்க்கக் கடைக்குப் போகும் முன்பு உமது கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் குடித்துப் பாரும். உங்கள் பக்கத்து மணலில் நல்ல தண்ணிக் கிணறுகள் இருக்கின்றன. அது இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பாதித் தகுதி வந்துவிட்டது. இல்லையென்றால் ஒரு நாளைக்கு இருபது முப்பது லீற்றர் நல்ல தண்ணி எங்கிருந்து வரும் என்று முதலில் ஒழுங்கு பண்ணும். அது முடியாத இடத்தில் பழைய மண்ணெண்ணெய் எஞ்சினோடேயே இரும் என்றுதான் சொல்வேன். அதற்கும் உப்பு கேடுதான், ஆனால் உள்ளே சிக்கல் குறைவு, திறந்து சுரண்டிப் பூட்டக் கரையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

26 செப்டெம்பர்

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊரில் எஞ்சினுக்கு நல்ல தண்ணியா" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறா. வீட்டிலும் இதே சண்டை நடந்தது, நியாயமான சண்டை. நான் கண்ட வழி: முதலில் பரலில் கிணற்றுத் தண்ணி. உவராக இருந்தாலும் கடல்தண்ணியை விட உப்புக் குறைவு, கனத்த உப்பை அது கொண்டுபோகும். கடைசியாக மட்டும் 20 லீற்றர் நல்ல தண்ணி. கானைக் கூரை வளையில் கட்டி, குழாயை எஞ்சின் பக்கத்திலுள்ள கழுவும் வாயில் பூட்டி விடுவேன். கடைசியில் உள்ளே நின்று காய்கிற தண்ணி நல்ல தண்ணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வழியும் தண்ணி முருங்கைக்குப் போகிறது.

2 ஒக்டோபர்

2022 ஒக்டோபர் தொடக்கத்தில் பெற்றோல் 92 ஒக்டேன் 410க்கு இறங்கியது. 13 லீற்றர் 5330 ரூபாய். கணக்கை அவரவர் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். விலை ஏறி இறங்கும், உம்முடைய கடல் எத்தனை லீற்றர் கேட்கிறது என்பதை மட்டும் எழுதி வையும்.

கம்பனி எது என்று மறுபடி கேட்டீர். ஹொண்டா 1964இலேயே ஃபோர் ஸ்ட்ரோக்கோடு கடலுக்கு வந்தது, யமஹா 1984இல். எல்லோருக்கும் பல வருசப் பழக்கம் இருக்கிறது, சின்ன எஞ்சினில் எதுவும் குப்பை இல்லை. ஆகவே இப்படிப் பாரும்: இம்பெல்லர் (தண்ணி இழுக்கும் ரப்பர்ச் சக்கரம்), தேர்மோஸ்டாட், ஒயில் வடி (பில்டர்), ஆனோட் (உப்பு தின்னக் கொடுக்கும் உலோகக் கட்டி), ஸ்டார்ட் கயிறு. இந்த ஐந்தும் முல்லைத்தீவிலோ, ஒரு பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலோ எந்தக் கம்பனிக்குக் கடைத் தட்டில் இருக்கிறது? போய்க் கேளும், "எடுத்துத் தரலாம்" என்றால் இல்லை என்று எழுதிக்கொள்ளும். எனக்குச் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் கிட்ட, அதனால் நான் தேர்ந்தது ஒன்று. உமக்குத் திருகோணமலை கிட்டவாக இருந்தால் வேறொன்று வரலாம்.

காபுரேற்றரா இ.எப்.ஐ.யா (எண்ணெயை மின்னால் அளந்து பீச்சுவது) என்பதில் என் மனம் மாறிக்கொண்டே இருக்கிறது. என்னுடையது காபுரேற்றர். இரண்டு கிழமை ஓடாமல் நின்றால் பெற்றோல் காய்ந்து ஊசித்துளை அடைக்கும், ஊசியும் மண்ணெண்ணெயும் இருந்தால் நானே திறந்து ஊதுவேன். இ.எப்.ஐ. அவ்வளவு லேசில் அடைக்காது, விடியக் குளிரில் ஒரே இழுவையில் பிடிக்கும், எண்ணெயும் குறைவு. பற்றறி இல்லாமல் கயிற்றிலேயே பிடிக்கிற சின்ன இ.எப்.ஐ. எஞ்சின்களும் இருக்கின்றன, எடையும் குறைவு. ஆனால் அது நின்றால் ஊசியால் முடியாது. இப்போதைக்கு: தண்ணி பிரிக்கும் வடி ஒன்றைத் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பூட்ட ஆயத்தமென்றால் இ.எப்.ஐ. எடும்.

9 ஒக்டோபர்

26ஆம் திகதி எழுதியதில் ஒரு ஓட்டை. தாளையடியிலிருந்து ஒரு மெக்கானிக் சரியாகப் பிடித்தார். எஞ்சின் ஆறிய பிறகு தேர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும், நிறுத்திய எஞ்சினுக்குக் குழாயால் விடும் தண்ணி மேற்பகுதி முழுவதையும் ஒழுங்காகச் சுற்றாது. ஆகவே கரைக்கு வந்து தேநீர் குடித்து, வலை சிக்கெடுத்து, பிறகு கழுவுவது பிழை. சூட்டோடு கழுவ வேண்டும். முடிந்தால் பரலில் மெல்ல ஓடவிட்டு, பீச்சுகிற தண்ணி கைக்கு இளஞ்சூடாக வரும் வரை. பரலில் தண்ணி புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டை மூடி நிற்க வேண்டும், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டால் நல்லது. வேகம் கொடுக்கவே கூடாது.

நான் அதுவரை செய்துவந்தது வலை சிக்கெடுத்த பிறகுதான். அடுத்த நாளே மாற்றிவிட்டேன்.

17 ஒக்டோபர்

அலையில் எஞ்சின் மூழ்கினால்? கொக்கிளாயிலிருந்து கேட்டவருக்கு. டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக்கைக் கழற்றி, தண்ணியை வடித்து, நல்ல தண்ணி விட்டு அலசி, ஒயில் விட்டுக் கயிற்றை இழுத்து இழுத்து அன்றைக்கே பிடிக்க வைக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் கிடங்குக்குள் தண்ணி போயிருக்கும். ஒயிலை வடித்தால் பால் தேநீர் நிறத்தில் வரும். புது ஒயில் விட்டு, கொஞ்சம் ஓட்டி, திரும்ப வடித்து, அந்த நிறம் போகும் வரை மாற்ற வேண்டும். அன்றைக்கே செய்ய வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் துரு. ஆகவே அலைக்கரையில் ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவரின் வாடியில் இரண்டு மூன்று முறைக்குப் போதுமான ஒயில் எப்போதும் இருக்க வேண்டும்.

படுக்கவைப்பதும் அப்படித்தான். டூ ஸ்ட்ரோக்கை எப்படியும் போடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று கைநூலில் படம் இருக்கும். மாறிப் படுத்தால் ஒயில் சிலிண்டருக்குள் ஏறும், அடுத்த நாள் விடிய கயிறு இழுக்க வராது. வாடியில் ஒரு மரக்குதிரை அடித்து நிமிர்த்தியே கொழுவுவது நல்லது, கால்பகுதித் தண்ணியும் வடியும்.

30 ஒக்டோபர்

நாயாற்றுக் களப்பிலும் கடலிலும் மாறி மாறி ஓடுபவர்களுக்கு. கால்பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி பூட்டியிருக்கும், அதுதான் ஆனோட். உப்பு முதலில் அதைத் தின்னும், எஞ்சினை விடும். அது கரைவது நல்லது. கரையாமல் புதுசுபோல இருந்தால்தான் யோசிக்க வேண்டும், எங்கோ தொடுப்பு விட்டிருக்கும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். துத்தநாக ஆனோட் கடலுக்குச் சரி, களப்பின் கலப்புத் தண்ணியில் மேலே ஒரு ஆடை படிந்து வேலை செய்யாமல் விடும். இரண்டிலும் ஓடுபவர்களுக்கு அலுமினிய ஆனோட். மக்னீசியம் என்று தந்தால் வாங்க வேண்டாம், அது குளத்துக்கு.

ஒருவர் எஞ்சினுக்குப் பெயின்ற் அடிக்கும்போது ஆனோட்டுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார். படத்தைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. அண்ணா, இன்றைக்கே சுரண்டுங்கள்.

20 நவம்பர்

ஒயில் கூடுகிறது என்று ஒருவர் பயந்து எழுதியிருக்கிறார். குறைந்தால் விளங்கும், கூடுவது எப்படி? எனக்கும் நடந்தது. குளிர் காலையில் எஞ்சின் சூடேறாமல் மணிக்கணக்கில் மெல்ல ஓடினால் எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும். அளவுகோலை முகர்ந்து பாருங்கள், பெற்றோல் மணக்கும். அந்த ஒயிலை மாற்றுங்கள். பிறகு கரைக்கு வரும்போது கால் மணித்தியாலமாவது நல்ல வேகத்தில் ஓட்டி வாருங்கள். தேர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தாலும் இதே கதை வரும், அதையும் பாருங்கள்.

11 டிசெம்பர்

மாண்டஸ் புயல் காற்றுக்கு யாரும் இறங்கவில்லை. படகுகள் எல்லாம் மேலே. இப்படி ஒரு குளிரை இந்தப் பக்கம் நான் கண்டதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவில் மாடுகள் விறைத்துச் செத்துக் கிடக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மட்டும் நாலு. அந்த அம்மா கன்றுக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டு விடியவிடிய இருந்தா. எஞ்சின் கதை எழுத மனம் வரவில்லை.

14 டிசெம்பர்

மழைத் தண்ணியைப் பற்றி மட்டும். கூரைத் தண்ணியை இரண்டு தாங்கியில் பிடித்திருக்கிறேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று எஞ்சினுக்கு. எஞ்சின் தாங்கி மட்டும் 1000 லீற்றர். நாளுக்கு 20 என்றால் 50 நாள். மழைத் தண்ணியை விட நல்ல தண்ணி எஞ்சினுக்கு இல்லை. தகரக் கூரை உள்ளவர்கள் இப்போதே பிடியுங்கள்.

22 ஜனவரி 2023

அளம்பில் தம்பி எஞ்சின் எடுத்துவிட்டார். 20 குதிரை, இ.எப்.ஐ., கயிற்று ஸ்டார்ட். தண்ணியின் அருமை தெரிந்த ஆள்: முதலில் அனுப்பிய படமே கிணறு. இரண்டாவது படம் எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு அளவுநாடா பிடித்தது. 19 அங்குலம் சொச்சம். சரி, 20 அங்குலக் கால். 15 அங்குலக் கால் மலிவாகக் கிடைத்தது என்று அதை எடுத்திருந்தால், அலை தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றைக் குடித்து அலறும்.

முதல் 10 மணித்தியாலம் பழக்க வேண்டும். முதல் மணித்தியாலம் பாதி வேகத்துக்குக் கீழே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. முழு வேகத்தில் ஐந்து நிமிசத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போதே ஒரு வேலை செய்யும். கால்பகுதியிலுள்ள திருகு, தேர்மோஸ்டாட் மூடிப் போல்ட், ஆனோட் போல்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கடலுக்கான கிரீஸ் பூசித் திரும்பப் பூட்டும். துருப்பிடியா இரும்பும் அலுமினியமும் உப்புக்குள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். புதுசில் கையால் வரும் போல்ட் மூன்றாம் வருசம் என்னுடையதுபோல முறியும்.

5 பெப்ரவரி

புரொப்பெல்லர். கடைக்காரர் தந்த புரொப்பெல்லரில் இரண்டு பேரோடு நல்லாய் ஓடுகிறது, வலையும் நாலு பேரும் ஏறினால் எஞ்சின் முனகுகிறது என்கிறார். அது எஞ்சின் குறையல்ல. சுமையோடு முழு வேகம் கொடுக்கும்போது எஞ்சின் கைநூலில் எழுதிய சுற்றுக்கு வர வேண்டும், இந்த அளவு எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் நிமிசத்துக்கு 5000 முதல் 6000. வராவிட்டால் புரொப்பெல்லரின் பிற்ச் (ஒரு சுற்றில் முன்தள்ளும் தூரம்) பெரிது. ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்றுக் கூடும். பிளக் வயரில் சுற்றிக் கட்டுகிற சின்ன சுற்றுமானி கிடைக்கும், வாங்கி அளந்துவிட்டு மாற்றும். வெறும் படகில் அளக்க வேண்டாம், வலையோடு அளக்க வேண்டும்.

26 பெப்ரவரி

தம்பி, 20 மணித்தியாலம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி ஒயிலை வடித்துவிடும், ஒயில் பில்டரையும் மாற்றும். ஊற்றுவது எப்.சி-டபிள்யூ (கடல் ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலின் தர முத்திரை) என்று போட்ட 10டபிள்யூ-30, மோட்டார் சைக்கிள் ஒயில் அல்ல. பழைய டூ ஸ்ட்ரோக் ஒயில் போத்தலை வாடியில் இருந்து எடுத்துவிடும், இருட்டில் கை மாறும்.

கியர் ஒயிலையும் இப்போதே மாற்றும். கீழ்த் திருகைக் கழற்றி, பிறகு மேல் திருகைக் கழற்றினால் வடியும். புதுசைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேலால் வழிந்ததும் முதலில் மேல் திருகைப் பூட்டும். திருகின் சின்ன வாசரைப் புதுசாய்ப் போடும்.

வடித்த இரண்டு ஒயிலையும் மணலில் கொட்ட வேண்டாம். தனித்தனிச் சோடாப் போத்தலில் விட்டு, ஒரு இரவு வைத்து, காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் படம் அனுப்பும். கியர் ஒயில் பால் நிறம் இல்லாமல் இருந்தால் சந்தோசம். முதல் முறை கொஞ்சம் மினுங்கல் தூள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.